கரையான் பானையும் பாய் கடைக் கோழியும்

கோழி வளர்ப்பது என்றால் ஒரு வாய்க்குத் தீனி போட்டுவிட்டு, அந்த வாயையே தின்ன வருகிற நாலு வாயை விரட்டுகிற வேலை. இதில் மாட்டிக்கொண்ட அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். வெளி ஆட்கள் எதிரில் வாயே வராது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சாணியில் விளைகிற கோழி

எங்கள் பக்கம் குஞ்சுகளுக்குக் கரையான்தான் முதல் சாப்பாடு. உடைந்த பானையில் காய்ந்த சாணியும் ராகித் தாளும் அடைத்து, தண்ணீர் தெளித்து, பொழுது சாய்கிறபோது புற்றோரம் கவிழ்த்து வைத்துவிடுவேன். விடிந்து தூக்கிப் பார்த்தால் பானைக்குள் வெள்ளை வெள்ளையாக நெளியும். அதை வாசலில் தட்டினால் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒரு மாதத்தில் கையில் அடங்காது.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவும் கோழி வளர்க்கிறவர்தான். ஒருநாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாடு கழிச்சதைக் கரையான் தின்னுது, கரையானைக் குஞ்சு தின்னுது, குஞ்சை வித்து நீ தின்னுற. ஏர் ஓட்டாம வெள்ளாமை பண்றவ நீதாண்டி!"

வாய் திறக்காத காவல்காரி

வெள்ளாமை என்றால் திருட்டும் உண்டு. எங்கள் வீடு பாப்பாரப்பட்டி ரோட்டோரம். ஒருநாள் பஸ்ஸுக்கு ஏழெட்டு ஆம்பளைகள் நின்றிருந்தார்கள். மேலே பருந்து வட்டம் போட்டது. "ஓய்" என்று ஒரு கத்து கத்தியிருந்தால் போயிருக்கும். அத்தனை ஆம்பளைகள் எதிரில் எப்படிக் கத்துவது? முந்தானையை ஆட்டி, "ச்சூ ச்சூ" என்றேன். அது என் காதுக்கே கேட்கவில்லை. பருந்து நிதானமாக இறங்கி, கொழுத்த குஞ்சாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனது.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை: "ஏம்மா, வாயைத் தொறக்கறதுக்கும் ரேஷன் கார்டு கேக்கறாங்களா?"

ஏரி வாசனை

கோடையில் கரையான் ஆழத்துக்குப் போய்விடும். அப்போது ஏரிதான் கதி. தண்ணீர் வற்றுகிற சேற்றில் கொக்குகளோடு போட்டி போட்டுக்கொண்டு நத்தை பொறுக்குவேன். கல்லில் நசுக்கிப் போட்டால் கோழிகள் ஓட்டோடு விழுங்கும். முட்டை ஓடு கெட்டியாக வந்தது, கருவும் நல்ல சிவப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாப்பாரப்பட்டியில் பாஷா பாய் கடைக்குத்தான் நான் முட்டையும் கோழியும் போடுவது. மறுவாரம் அவர் கூடையைத் தள்ளி வைத்துவிட்டார். ஆம்லெட் போட்டால் வீடே சேற்றுமீன் வாடை அடிக்கிறதாம். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கோபப்படவில்லை. "நீ கோழிக்கு எதைப் போடறியோ, அதைத்தாம்மா நாங்க சாப்பிடறோம்" என்றார்.

மயங்கி வந்த கரையான்

நத்தையை விட்டேன். என் வழக்கமான புற்று காய்ந்துகிடந்ததால், மாதப்பன் அண்ணன் நிலக்கடலைக் காட்டு வரப்போரம் ஈரமான புற்று ஒன்றைப் பார்த்துப் பானை வைத்தேன். காலையில் தூக்கினால் பானை நிறையக் கரையான். ஒன்றும் ஓடவில்லை, சோம்பிக்கிடந்தன. ராத்திரி முழுக்கத் தின்று அசந்திருக்கும், அள்ள வசதி என்று சந்தோஷப்பட்டேன். என் மகள் மல்லிகாவும் பிஞ்சுக்கையால் அள்ளி அள்ளிப் போட்டாள். குஞ்சுகள் தின்றன. பாய் கடைக்கு என்று கட்டப்போகிற இரண்டு பெட்டைகளும் தின்றன. அவற்றை என் வீட்டுக்காரர் சைக்கிளில் தொங்கவிட்டு, கடையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவதாகக் கிளம்பினார்.

வெயில் ஏறுவதற்குள் ஒரு குஞ்சு காலை இழுத்தது. பிறகு இன்னொன்று. கழுத்து பின்னால் வளைந்து துடித்துத் துடித்து விழுந்தன. காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மாதப்பன் அண்ணன் வாசலில் கிடந்த பானையைப் பார்த்து எந்தப் புற்று என்று கேட்டார், சொன்னதும் தலையில் கை வைத்தார்: "ஐயோ தங்கச்சி, கரையான் கடலையை அறுக்குதுன்னு நேத்துதான் அந்தப் புத்துல எண்டிரின் மருந்து ஊத்துனேன்!"

வேலியோரம் பூனை

முதலில் மல்லிகாவின் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், வாயை முகர்ந்து பார்த்தேன். "தின்னியா கண்ணு?" என்றால் சிரிக்கிறாள். அவள் விரல் அசைந்தால்கூட எனக்கு உயிர் போனது. அதற்குள் முனியம்மா அக்காவின் பூனை செத்த குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. கல்லெடுத்து எறிந்தும் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பூனை வேலியோரம் வந்தது. நாலு காலும் நாலு பக்கம் போனது. வாயில் நுரை. நானும் முனியம்மா அக்காவும் பார்த்துக்கொண்டே நின்றோம். பூனை அடங்கியதும் அக்கா அழவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினார்: "ஏண்டி, பாய் கடைக்குப் போச்சே ரெண்டு கோழி, அதுங்களும் இதைத்தான் தின்னுச்சா?"

கடைவாசலில்

மல்லிகாவை இடுப்பில் போட்டுக்கொண்டு வரப்பு வழியே ஓடினேன். ஓட ஓட அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டேன். அவளுக்கு இந்த ஓட்டம் விளையாட்டு, கைகொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னை நடத்தியது.

அன்று சந்தை. பாய் கடை முன்னால் ஒரே கூட்டம். பிள்ளை பெற்ற மகளுக்குச் சாறு வைக்க ஓர் அம்மா தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார். பாய் கையில் என் சாம்பல் பெட்டை, இன்னொரு கையில் கத்தி. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போக முடியவில்லை. "அறுக்காதீங்க! அது வெசம் தின்ன கோழி! அறுக்காதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். சந்தையே திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் கத்தியது நான் என்று தெரிந்தது.

பாய் கத்தியைக் கீழே வைத்தார். பெட்டையை இறக்கி விட்டார். அது இரண்டடி வைத்து, கழுத்தை வளைத்துக்கொண்டு சாய்ந்தது. மற்றது கூடைக்குள்ளேயே துடித்துக்கொண்டிருந்தது. தூக்குச்சட்டி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலையைக் குனிந்துகொண்டேன். பாய் மல்லிகாவின் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்: "உங்க அம்மாவுக்குக் குரல் இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும், கண்ணு. இருக்கறது நல்லதாப் போச்சு."

நாய் நரி தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, பூனை வரைக்கும் எல்லாவற்றையும் புதைத்தோம். இத்தனை நாள் வருகிற வாய்க்கெல்லாம் கோழி கொடுத்தவள், அன்றைக்கு ஒருநாள் எல்லார் வாயிலிருந்தும் பிடுங்கி மண்ணுக்குக் கொடுத்தேன், அதையும் எந்தக் கரையான் தின்னப்போகிறதோ என்று இன்றைக்கும் அந்தப் பக்கம் பானை வைப்பதில்லை.