உடைந்த வாயில் இருந்த நீலம்

உடைந்த இரும்பில் இருந்த சாட்சியைத் தேய்த்து அழித்தவன் நான்தான். பிறகு பழியை ஒரு பெண்ணின் மேல் போட்டேன். உங்கள் அப்பாதான், கண்ணுகளா... வேறு யாருமில்லை!

நேற்று போனில் யாரிடமோ, "எங்கப்பா பொய்யே பேசமாட்டாரு" என்றாயே, பெரியவளே... அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன். அதனால் எழுதுகிறேன். தம்பியையும் உட்காரவைத்துப் படி.

முடிச்சூர் ரோட்டில் நம் பட்டறையில் தகட்டை வெட்டி மடித்து, கம்பெனிகளுக்கு பிராக்கெட் செய்கிறோம். ஒரு கம்பெனியில், தலைக்கு மேலே டூல்கள் தொங்கும் கம்பியைத் தாங்க பிராக்கெட் கேட்டார்கள். படம் போட்டவன் நான். மாதிரி செய்தவனும் நான். பார்த்தவுடன் ஓகே சொன்னார்கள்.

தகட்டுக்குள் ஓர் ஓட்டம் உண்டு, மூங்கில் நார் மாதிரி. அதற்குக் குறுக்கே மடித்தால் தாங்கும். ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கம் மயிரிழையாய்க் கீறல் விடும். மாதிரியைக் குறுக்கேதான் மடித்தேன். மொத்தச் சரக்கு செய்யும்போது தகடு பற்றவில்லை. புதுத் தகடு வர ஒரு வாரம் ஆகும். கம்பெனியோ மறுநாளே வேண்டும் என்றது. தகட்டைத் திருப்பிப் போட்டு வெட்டினால், இருப்பதிலேயே முடித்துவிடலாம்...

"இன்னாப்பா, ஓட்டத்தோட மடிக்கச் சொல்ற? பொளந்துக்கும்பா" என்றார் மெஷின் ஓட்டும் பாபு.

"நீ இன்னா பெரிய இஞ்சினியரா? பெடலை மிதி மச்சான்!"

இருவரும் சிரித்தோம். சிரித்தோமே!

மடிப்பில் கீறல் தெரிந்தது. என் நகத்தில் தட்டியது. நீலப் பவுடர் பெயின்ட் அடித்து வந்ததும் மறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் இல்லையென்று ஆகிவிடுமா? அன்று ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

சில மாதத்தில் ஒன்று உடைந்தது. கம்பி, டூல்களோடு செல்வியின் வலது தோளில் விழுந்தது. அங்கே ஸ்குரூ முடுக்கும் வேலை செய்தவள். தன் சாப்பாட்டுப் பையை அந்தக் கம்பியில் மாட்டியிருந்தாள். எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

என்னைக் கூப்பிட்டு, உடைந்த துண்டைக் கையில் கொடுத்தார் மேனேஜர். புதிதாய் உடைந்த இரும்பு வெளுப்பாய் மின்னும். இதில், உடைந்த வாயின் ஓரத்தில் நீலம்! பெயின்ட் அடிக்கும்போதே அங்கே கீறல் இருந்திருக்கிறது. பெயின்ட் உள்ளே இறங்கியிருக்கிறது. அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"எண்ணெய்யா இருக்கு சார், கழுவிட்டுப் பாக்கறேன்" என்று குழாயடிக்குப் போனேன். என் சட்டைப் பையில் எப்போதும் இரும்பு தேய்க்கும் எமரித் தாள் இருக்கும். தேய்த்தேன். நீலம் போகும்வரை தேய்த்தேன்.

திரும்பி வந்து சொன்னேன்: "ஓவர்லோடு சார். பை மாட்டியிருக்காங்களே..."

ஒரு சோற்றுப் பை! அதன் கனம் எவ்வளவு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

செல்வியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மீதி பிராக்கெட்டுகளை எல்லாம் கழற்றி, தடித்த தகட்டில் புதிதாய்ச் செய்து சும்மாவே மாட்டிக்கொடுத்தேன். "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றார் மேனேஜர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எப்படிக் கும்பிட்டேன்? இன்னும் எனக்கே விளங்கவில்லை.

போன மாதம் தாம்பரம் மார்க்கெட்டில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணா... என்னைத் தெரியுதாண்ணா?"

செல்வி. காய்கறியை இடது கையில் பிடித்திருந்தாள். வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லையாம். பின்னலைக்கூட அவள் மகள்தான் போட்டுவிடுகிறாளாம்.

"அந்தப் பைய மாட்டியிருக்கக் கூடாதுண்ணா. என்னால உங்க சரக்குக்குக் கெட்ட பேராயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரிம்மா, வுடு... நான் அப்பவே மறந்துட்டேன்."

மன்னித்து அனுப்பினேன், பிள்ளைகளே... நான், அவளை! முகம் தெளிந்து போனாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.