மக்பூல் பாய் அடித்த பித்தளை வளையம்

மக்பூல் பாய் ஒரு பயந்தாங்கொள்ளி. முகத்துக்கு நேராகவே பலதடவை சொல்லியிருக்கிறேன், மறுத்ததில்லை. திருவண்ணாமலை சின்னக்கடை வீதியில் நான் துணி பேனரில் எழுத்து அச்சடிப்பேன். பக்கத்து அறையில் அவர் ஓரத்தை மடித்துத் தைத்து, மூலைகளில் துளை போட்டு, கயிறு கட்ட வளையம் அடிப்பார். எழுத்து நன்றாயிருந்தால் பேர் எனக்கு. பேனர் விழுந்தால் திட்டு அவருக்கு.

எழுபத்தெட்டில் அப்படி ஒன்று விழுந்தது. மேல்மூலையில் தகர வளையம் பிய்த்துக்கொண்டு, சைக்கிளில் போனவர் முகத்தில் துணி சுற்றிக்கொண்டது. மனுஷனுக்கு முன்பல் ஒன்று போனதோடு சரி. ஆனால் பாய்க்கு அன்றிலிருந்து காற்றடித்தாலே உட்காரமுடியாது. தட்டில் சோறு இருக்க எழுந்து, கட்டிய பேனரைப் பார்க்க ஓடிவிடுவார். அவர் சம்சாரம் மஹ்பூபா அக்கா, தான் இவருக்கு வாழ்க்கைப்படவில்லை, பேனருக்குத்தான் வாழ்க்கைப்பட்டதாக என்னிடம் அலுத்துக்கொள்வார்.

நல்ல வளையமாகத் தேடி மெட்ராசுக்கே போனார். தகரம், அலுமினியம், பித்தளை என்று மூன்று பொட்டலத்தோடு வந்தார். ஒவ்வொன்றையும் துண்டுத் துணியில் அடித்து, வேப்பமரக் கிளையில் கட்டி, அதில் மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தொங்கவிட்டார். தகரம் உடனே பிய்ந்தது. அலுமினியம் மத்தியானம் வரை நின்று வாயைப் பிளந்தது. துணியின் பின்பக்கம் பல் வைத்த வட்டோடு சேர்ந்து கடித்துக்கொண்ட பித்தளை இரண்டு நாளானாலும் அசையவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. இனிமேல் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

எண்பத்துநாலு கார்த்திகை தீபத்துக்குப் புடவைக்கடை பலராமன் முதலாளி இருபதடி பேனர் கேட்டார். ஒரு பக்கம் கடையின் மாடிக் கம்பியில், மறுபக்கம் எதிரே ரோட்டோரம் நட்ட சவுக்குக் கம்பத்தில் கட்டவேண்டும். இவ்வளவு பெரிய பேனரில் காற்று போக அங்கங்கே பிறை மாதிரி வெட்டிவிடுவது வழக்கம். அது என் எழுத்தின் நடுவில் வந்து விழும் என்பதால் வருஷா வருஷம் எங்களுக்குள் சண்டை. அந்த வருஷம் பாயே விட்டுக்கொடுத்தார். பித்தளை இருக்கும்போது ஓட்டை எதற்கு என்றார். என் எழுத்து தப்பியது என்று தலையாட்டினேன். அந்தப் புத்திகெட்ட வேலையில் பாதி என்னுடையது.

தீபத்தன்று மூன்று மணிக்குக் காற்று எழுந்தது. தெருவில் எள் போட்டால் விழாத கூட்டம். நானும் பாயும் கடைவாசலில் நின்றிருந்தோம். பேனர் வயிறு உப்பி நின்றது. வளையம் ஒன்றும் அசையவில்லை. நான் பாயின் தோளைத் தட்டினேன். அவர் பேனரைப் பார்க்கவில்லை. கம்பத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மண் பிளந்திருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் கம்பம் தெருப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

அகல் விளக்கு விற்கும் எல்லம்மாள் தன் கைக்குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தது அந்தக் கம்பத்துக்கும் அவள் வண்டிக்கும் நடுவில்தான். காலையிலிருந்து நாங்கள் எல்லாரும் பார்த்ததுதான்.

கத்தினேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பாயின் உதடு அசைந்தது. "கிழிஞ்சிடு, கிழிஞ்சிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் எது நடக்கக்கூடாது என்று பயந்தாரோ, அதையே கேட்டுக் கெஞ்சினார். பித்தளை கேட்குமா?

திடீரென்று கடைக்குள் பாய்ந்து மாடிப்படி ஏறினார். நான் எதிர்ப்பக்கம் போகக் கூட்டத்தை இடித்தேன், பத்தடிகூடப் போகமுடியவில்லை. கம்பம் இன்னும் சாய்ந்தது. மேலே பாய் இடுப்பிலிருந்த கத்தரியால் கீழ்க்கயிற்றை அறுத்தார், பிறகு மேல்கயிற்றை. பேனர் படாரென்று பறந்து கம்பத்தோடு போய்த் தொங்கியது. கம்பம் ஒரு ஆட்டம் ஆடிச் சாய்ந்தவாக்கில் நின்றது. எல்லம்மாள் அலறிக்கொண்டு தூளிக்குள் கையைவிட்டுக் குழந்தையை வாரினாள். அது விழிக்கக்கூட இல்லை.

பாய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கத்தரி இன்னும் விரலில் மாட்டியிருந்தது, நான்தான் கழற்றினேன். பலராமன் முதலாளி வந்து கத்தினார். நல்ல நாளும் அதுவுமாகப் பேனரை ஏன் அறுத்தாய், வளையம் கெட்டியாகத்தானே இருந்தது என்றார்.

"கெட்டியாத்தான் இருந்துச்சு முதலாளி. அதனாலதான் அறுத்தேன்" என்றார் பாய்.

அதற்குப்பிறகு அவர் அடித்த எந்தப் பேனரிலும் மேல்மூலை இரண்டும் பித்தளை. கீழே ஒன்று பித்தளை, ஒன்று தகரம். பிறை வெட்டுவதையும் விடவில்லை. நானும் பிறைக்கு இடம் விட்டு எழுதினேன். ஆனால் தகரத்தைப் பார்த்ததும், காசு கொடுத்துப் பேனர் கேட்பவனை ஏமாற்றுகிறீரா என்று சண்டைக்குப் போனேன்.

"அந்த ஒண்ணு மொதல்ல பிச்சிக்கணும் கோதண்டம். பேனர் சும்மா படபடன்னு அடிச்சிக்கும், யாருக்கும் ஒண்ணும் ஆவாது. பிச்சிக்கலன்னா மறுபடி கத்தரியத் தூக்கிக்கிட்டு நான் எங்க ஓடுவேன்?"

இப்போதும் காற்றடித்தால் தட்டை விட்டு எழுந்து ஓடுகிறார். பேனரின் கீழ்மூலைத் தகரம் பிய்ந்திருக்கிற அன்று மட்டும் திரும்பி வந்து வயிறாரச் சாப்பிடுவதாக மஹ்பூபா அக்கா சொல்கிறார்.