சாமிக் குழாயில் வந்த குரல்

இருளப்பன் பஸ் ஏறி ஓடிவிட்டான் என்று ஊரே சொன்னது. நான் ஒருத்தன்தான் நம்பவில்லை. நம்பாமல் இருக்க என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அதுதான் அன்றைக்கு என்னை அழ வைத்தது.

எல்லைக் கருப்பனைக் கும்பிடுகிற அண்ணன்மாரே, அக்காமாரே, அவர் எனக்குச் செய்ததை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நானும் இருளப்பனும் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருசம். வெளியில் ஒரு தொழில் இடத்தில் பயிற்சி முடித்தாக வேண்டும். அதற்கும் மார்க் உண்டு. அது இல்லாமல் டிப்ளமோ கிடையாது. மற்ற பையன்கள் மதுரை, மெட்ராஸ் என்று போனார்கள். எங்களுக்குக் கிடைத்தது அருப்புக்கோட்டை முத்தையா அண்ணன் கடை. மைக் செட், குழாய் ஸ்பீக்கர், சீரியல் லைட், டி.வி., வீடியோ டெக்கு எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. எனக்கு அது சொர்க்கம். ஆம்ப்ளிஃபையரைத் திறந்தால் மூட மனசு வராது. இருளப்பனுக்கோ மெட்ராஸில் ஸ்டுடியோ கிடைக்கவில்லையே என்ற எரிச்சல். குழாய் கட்டவா இவ்வளவு படித்தோம், ஒருநாள் பஸ் ஏறிவிடுவேன் என்று தினமும் சொல்வான்.

வைகாசியில் எம்.ரெட்டியபட்டி தாண்டி ஒரு கரிசல் ஊரில் கோயில் பொங்கல். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் மரத்தில் எத்தனை குழாய் கட்டினாலும், கண்மாய்க்கு அப்பால், ஆளே இல்லாத எல்லையில் ஒரு பனையில் ஒரு குழாய் தனியாகக் கட்ட வேண்டும். எல்லையில் காவல் நிற்கிற கருப்பனும் திருவிழா கேட்க வேண்டும் அல்லவா. அதன் பெயரே சாமிக் குழாய். வாய் அவர் பீடத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். கட்டிய கைதான் அதை அவிழ்க்க வேண்டும்.

கட்டியது நான். கம்பியை பிளேயரால் முறுக்கி, நுனியை உள்பக்கம் மடக்கிவிட்டேன். என் பழக்கம் அது. கீழே ஒயரைப் பிடித்துக்கொண்டு இருளப்பன் கேட்டான்: “ஏலே குமரேசா, சாமிக்குக் காது மந்தமா? ஊருக்குள்ள நாலு குழா அலறுறது பத்தலையாக்கும்.”

நானும் சிரித்தேன். ஆனால் சிரிக்கிற இடம் இல்லை அது. சுற்றிலும் சீமைக்கருவேல். ஒரு குருவி கூடக் கத்தவில்லை. பீடத்தில் நட்டிருந்த அரிவாளில் மட்டும் வெயில் மின்னிக்கொண்டிருந்தது.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை, கஞ்சி குடித்த பிறகு இருளப்பனைக் காணோம். தோளை விட்டு இறங்காத அவன் துணிப்பையையும் காணோம். கட்டிங் பிளேயரையும் காணோம். எங்களுக்குக் கஞ்சி ஊற்றிய பேச்சியக்கா வந்து சாட்சி சொன்னார்: “நாந்தேன் பாத்தேனே. நீலச் சட்டை. திருச்சுழி பஸ்ஸுல தொத்திக்கிட்டுப் போச்சு அந்தப் பய.”

முத்தையா அண்ணன் கோபத்தில் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “ஓடுனவனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. உங்க வாத்தியாருக்கு அப்படியே எழுதிருவேன்.”

அவன் படிப்பு அதோடு போச்சு. ஆனால் எனக்குப் பயம் படிப்பைப் பற்றி இல்லை. காலையிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. நான் ஊருக்குள் எல்லா வீட்டிலும் கேட்டேன். கண்மாய்க்கரை வரை போய்க் கூப்பிட்டேன். அதற்கு அப்பால் போகவில்லை. சாமிக் குழாயை அவிழ்க்க வேண்டியவன் நான். அவனுக்கு அங்கே என்ன வேலை?

உச்சி வெயில் ஏறிவிட்டது. லோடு ஏற்ற வண்டி வந்து நின்றது. கோயில் பொட்டலில் நிழல் என்று ஒன்றும் இல்லை. மரத்துக் குழாய்களும் சாமிக் குழாயும் ஆம்ப்ளிஃபையரும்தான் பாக்கி. அதையெல்லாம் அவிழ்த்து ஏற்றிவிட்டால் நாங்கள் கிளம்பிவிடுவோம். அதன்பின் அந்த ஊரில் அவனைத் தேட ஆளே இருக்காது.

ஆம்ப்ளிஃபையர் இருந்த மேசைக்கு அடியில் மண்டி போட்டேன். அந்த எல்லையை நினைத்தேன். “கருப்பா, உன் குழாயக் கட்டுன கை இது. அவன் எங்க இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லு.” அவ்வளவுதான் கேட்டேன். எனக்கு வேறு மந்திரம் தெரியாது.

கடைசியாக ஒருதரம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம் என்று ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். கண்ணில் நீர். கீழே கிடந்த ஒயர்க் குவியலில் கைக்கு வந்த பின்னை எடுத்து, மைக் செருகுகிற ஓட்டையில் செருகினேன். அண்ணன் கடையில் எல்லா ஒயர் நுனியிலும் ஒரே மாதிரி பின்தான் இருக்கும். சத்தத்தைத் திருகினேன்.

முதலில் ஓர் இரைச்சல். காய்ந்த சோளத்தட்டைக்குள் காற்று போவது மாதிரி. பிறகு மூச்சு. நான்கு குழாயிலும் சேர்ந்து ஒரு மூச்சு. மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

“குமரேசா...”

பொட்டலில் இருந்தவர்கள் எல்லாரும் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“குமரேசா... இங்கன இருட்டா இருக்குடா.”

அந்த வெயிலில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். பேச்சியக்கா வாயைப் பொத்திக்கொண்டார். “உசுரோட இருக்கவன் குரலு இல்ல இது” என்றார். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுருட்டிய ஒயரோடு நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி,” என்றார். “மைக்கு என் கையில இருக்கு.”

அப்போதுதான் நான் செருகிய ஒயரைப் பார்த்தேன். அது கண்மாய்ப் பக்கம் போயிற்று. சாமிக் குழாயின் ஒயர்.

ஓடினேன். அண்ணன் வண்டிக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். ஊரில் பாதிப் பேர் வந்தார்கள்; கண்மாய்க்கரையிலேயே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பனைக்குப் பத்தடி முன்னால், கருவேலம் மூடிய, மாடு கட்டி இறைத்த காலத்துக் கமலைக் கிணறு, இப்போது வற்றிப்போனது. சுவர் இடிந்து, தரைமட்டத்துக்கு வாய் திறந்து கிடந்தது. அடியில் இருளப்பன். கால் ஒடிந்து, உதடு வெடித்து, எங்களைப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அண்ணனே கயிற்றில் இறங்கித் தூக்கினார். ஓடிப்போனவன் என்று சொன்ன வாயால் “சாமி, சாமி” என்று சொல்லிக்கொண்டே தூக்கினார்.

சீக்கிரம் முடித்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று அவனே குழாயை அவிழ்க்கப் போயிருக்கிறான். பேச்சியக்கா பார்த்த நீலச் சட்டை வேறு யாரோ.

பக்தர்களே, குழாய் எப்படி மைக் ஆனது என்று நான் சொல்லிவிடுவேன். குழாயின் பின்னால் மாட்டியிருக்கிற யூனிட்டுக்குள் ஒரு மெல்லிய தகடு ஆடினால் சத்தம் வருகிறது. வெளியிலிருந்து சத்தம் வந்து அதே தகட்டை ஆட்டினால் ஒயரில் கரண்டு வரும். கடைசியில் வாய்மொழித் தேர்வு, வைவாவில் இதைத்தான் சொன்னேன். கேட்டவர் தலையாட்டி மார்க் போட்டார். அண்ணன் எங்கள் இருவருக்குமே கையெழுத்துப் போட்டிருந்தார். இருளப்பன் கட்டுப் போட்ட காலோடு கடையில் உட்கார்ந்து, விட்ட நாட்களை முடித்துக்கொடுத்தான்.

வைவாவில் சொல்லாதது ஒன்று உண்டு.

அன்றைக்குப் பனையை நிமிர்ந்து பார்த்தேன். குழாயின் வாய் பீடத்தைப் பார்க்கவில்லை. திரும்பி, தலை குனிந்து, நேராகக் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தேன். கம்பி நான் முறுக்கியபடியே இருந்தது. நுனி உள்பக்கம் மடங்கியபடியே இருந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருளப்பனிடம் கேட்டேன், மரத்தில் ஏறினாயா என்று. அவன் மரத்தைத் தொடவே இல்லையாம். அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டான். கத்திக் கத்தித் தொண்டை போய், அப்படியே கண் சொருகிக் கிடந்திருக்கிறான்.

“அப்புறம் மேல கிரீச்சுன்னு ஏதோ திரும்புற சத்தம் கேட்டுச்சுடா,” என்றான். “நீதான் குழாய அவுக்க வந்துட்டன்னு நெனச்சேன். அதான் ஒன் பேரச் சொல்லிக் கூப்புட்டேன்.”

நான் அப்போது கோயில் மேசைக்கு அடியில் மண்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாளையம்பட்டியில் சின்னதாக மைக் செட் கடை வைத்திருக்கிறோம். மெட்ராஸ் பேச்சை அவன் எடுப்பதே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், எல்லையில் ஒரு குழாய் கட்டுகிறோம். கம்பியை நான் முறுக்குகிறேன். தாங்கித் தாங்கி நடந்து வந்து இருளப்பன் கீழே நிற்பான். கேலி பேசுவதில்லை, செருப்பைக் கழற்றிவிடுகிறான்.

துன்பத்தில் இருக்கிறவர்களே, யாருக்கும் கேட்காது என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். சத்தம் வராவிட்டால் மூச்சையாவது விடுங்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பார்.