பூஜ்யப் பலகை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சீழக்கா என்று பேர். பத்து வருடமாகக் கட்டில் கட்டிலாகப் போய்த் கட்டைப் பிரித்துத் தையலைப் பார்த்து, சேர்ந்து இரண்டு நாள் கழித்து யாருக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியிலேயே தொற்றியதா என்று தோண்டித் துருவுகிற நர்ஸுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்.

போன வருடம் அவளே ஒரு யோசனை சொன்னாள். தொற்றே இல்லாத வார்டுக்கு மாதாமாதம் ஒரு பலகை. அதில் பெரிதாக ஒரு பூஜ்யம். தொற்று எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. அவளும் பூரித்துப் போனாள்.

இன்று அந்தப் பலகைக்குக் கீழே அவள் கணவர் படுத்திருந்தார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். நெற்றி கொதித்தது. கட்டிலில் தொங்கிய தாளிலோ காய்ச்சலே இல்லை. கட்டை விலக்கினாள். தையலோரம் சிவந்து வீங்கி, சீழ் கோத்திருந்தது.

"இதை லேபுக்கு அனுப்பலையா?"

வார்டு நர்ஸ் தலைகுனிந்தாள். "அனுப்பினா கணக்குல ஏறிடும்க்கா. மாத்திரை குடுத்து, காய்ச்சல் எறங்கினப்புறம்தான் தாள்ல எழுதுவோம்."

"எத்தனை மாசமா?"

"பலகை வந்ததுலேருந்து."

நூறு பேர் படுத்தால் ஏழெட்டுப் பேருக்காவது தொற்றும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், அந்தப் பூஜ்யத்தை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. லேபுக்கு அனுப்பச் சீழெடுக்கப் பஞ்சுக்குச்சியைப் பிரித்தாள்.

கணவர் அரைக்கண் திறந்தார். "பயப்படாத. உன் பலகை இருக்குன்னுதான் இந்த வார்டையே கேட்டு வாங்கினேன்."