பத்து நொடி டைமர்

பெரியநாயக்கன்பாளையத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தபோது, சத்தியமங்கலத்திலிருந்து அம்மா என் போட்டோ ஒன்று கேட்டு எழுதியிருந்தாள். மொட்டைமாடிச் சுவரில் கேமராவை வைத்தேன். டைமர் லிவரை முழுக்கத் திருப்பினால் பத்து நொடி கழித்துத்தான் படம் விழும். ஆளில்லாத கேமராவைப் பார்த்து அவ்வளவு நேரம் யார் இளிப்பது? எரிச்சலில் பாதி மட்டும் திருப்பினேன். ஓடிப்போய்த் திரும்புவதற்குள் என் முதுகைப் படம் பிடித்துவிட்டது. மறுபடி முழுக்கத் திருப்பிவிட்டு, எட்டு வந்ததும் சிரிக்கலாம் என்று ஒன்று, இரண்டு என வாய்விட்டு எண்ணினேன். ஏழிலேயே 'கிளிக்' என்றது சனியன். அதோடு பிலிம் ரோல் முடிந்தது. பிரிண்டில் என் வாய் திறந்திருந்தது, அதையே அனுப்பினேன்.

அம்மா பதில் எழுதினாள்: "போட்டோவுல யாருகூடவோ பேசிட்டு நிக்கற. அங்க பேச்சுத் துணைக்கு ஆளு இருக்குதுன்னு இப்பத்தான் நிம்மதி ஆச்சு, கண்ணு."