எட்டுக் கட்டம் ஓடுகிறவன்

பேர்கனில் மழை பெய்யாத சனிக்கிழமை அபூர்வம். அப்படி ஒன்று வாய்த்தால் ஊரே மலையேறப் போய்விடும். நாங்கள் ஐந்து பேர் மட்டும் பிப்ளியோதேக் என்கிற நூலகத்தின் மேல்மாடியில் இருந்துகொண்டு, இரும்புச் சட்டையின் பாரத்தைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருப்போம். ஐவரில் ஒருவருக்கும் ஐம்பது வயதுக்குக் குறைவில்லை. மேசையில் கட்டம் போட்ட விரிப்பு, விரல் நீளப் பொம்மைகள், இருபது முகமுள்ள தாயக்கட்டை. ஆளுக்கொரு கற்பனை மனிதனாக மாறி, பூதங்களோடும் கொள்ளைக்காரரோடும் மோதவேண்டும். கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர் சுல்வை, அந்த நூலகத்திலேயே வேலை செய்கிற பெண். முதல் நாள் நான் புத்தகம் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கேட்டார். இருபத்தைந்து வருடத்தில் இந்த ஊரில் நான் இல்லாமல் ஏதும் குறைகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

விதி எளிது. ரூஸ்ட்னிங் என்கிற கவசம் போட்டவனை வெட்டுவது கடினம், எதிரியின் கட்டை பெரிய எண்ணாக விழுந்தால்தான் காயம். ஆனால் அவன் ஒரு முறைக்கு நாலு கட்டம்தான் நகரலாம். கவசம் இல்லாதவன் எட்டுக் கட்டம் ஓடலாம், ஆனால் ஒரு அடி பட்டாலே பாதி உயிர் போய்விடும். கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற குனூத்தின் வீரனுக்குத் தலையிலிருந்து கால்வரை இரும்பு. நான் தொடக்கத்திலிருந்தே எட்டுக் கட்டக்காரன். "ஒரு தோல் சட்டையாவது போடலாமே" என்று சுல்வை கேட்டபோது, "பாரம் இருந்தால் தப்ப முடியாது" என்று எனக்குத் தெரிந்த நோர்வீஜிய மொழியில் சொன்னேன். மேசையே சிரித்தது. குனூத் என் தோளில் தட்டி, "இவன் பெரிய தந்திரக்காரன்" என்றார். தந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த மனிதருக்கு அதை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? தூசன் தக் என்று நன்றி சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தேன்.

சண்டைக் காலத்தில், நான் பிறந்த ஊரில், ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணி உறுதி, ஆளுக்கொரு உடுப்பு. செல் குண்டு விழத் தொடங்கினால் அம்மா அதைத் தோளில் மாட்டுவா, நாங்கள் பின்னால் ஓடுவோம். அதைவிட வேறு எதையும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அண்ணா மட்டும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவர். ஒவ்வொரு கதவாகப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பிறகுதான் வெளிக்கிடுவார். ஒருமுறை நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கி ஒரு மணித்தியாலம் கழித்து, சைக்கிளில் ஒரு மூட்டை அரிசியை வைத்து உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சேட்டெல்லாம் வேர்வை.

"என்ன அண்ணா, இஞ்ச கடை போடப் போறியளோ?" என்று கேட்டேன்.

"ஓடி வந்தவைக்குப் பசிக்காதோ?" என்றார்.

நாலு நாள் அந்த அரிசியைத்தான் தின்றோம். தின்றுகொண்டே அவரைப் பகிடி பண்ணினேன். அடுத்த வருடம் நான் நாட்டை விட்டே ஓடினேன். அவர் நின்றார். எல்லா யன்னலுக்கும் இரும்புக் கம்பி அடித்தார், மதிலை உயர்த்தினார், அம்மாவையும் அப்பாவையும் அந்த வீட்டிலிருந்தே எடுத்து அடக்கம் செய்தார். இரண்டுக்கும் நான் தொலைபேசியில் அழுதேன்.

அப்பா விட்டுப்போனது கப்பல்துறை என்கிற கிராமத்தில் ஒரு ஏக்கர் காணி, எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி. சண்டைக் காலத்தில் வேலி அழிந்தது. பக்கத்துக் காணிக்காரர் கெட்ட மனிதரல்ல. ஆளில்லாத இடத்தில் முதலில் மாடு கட்டினார், பிறகு ஒரு கொட்டில் போட்டார், பிறகு கம்பி இழுத்தார். போன தை மாதம் அண்ணா அழைத்தார்.

"தம்பி, காணியை அளந்து எல்லைக் கல்லுப் போட ஆள் பிடிச்சிட்டன். நீ வந்து உன்ர மூலையில நிண்டாக் காணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கயிறு பிடிக்கிற அன்றைக்கு அவரவர் மூலையில் அவரவர் போய் நிற்கவேண்டும். இதுதான் என் எல்லை என்று காலால் காட்டவேண்டும். இருபக்கமும் அதைக் கண்ணால் கண்டு ஒப்புக்கொண்டால்தான் கல் இறங்கும்.

"எனக்குப் பதிலா நீங்களே நிக்க அற்றோணி எழுதி அனுப்பிறன் அண்ணா."

"கடதாசி நிக்காது தம்பி. ஆள்தான் நிக்கும்."

"லீவு எடுக்க ஏலாது."

அது பொய். லீவு கிடந்தது, ஒன்றரை மாதம். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், பார் வெளிநாட்டுக்காரனின் திமிரை என்பீர்கள். திமிர் இல்லை, பயம். கடைசியாக ஊருக்குப் போனபோது பதினொரு நாள் நின்றேன். பதினொரு நாளும் பாஸ்போட்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் படுத்தேன். சந்தைக்குப் போனாலும் பஸ் ஸ்ராண்ட் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் மீன் விலை கேட்டேன். இங்கே என்னைப்போல ஓடி வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரு துண்டு நிலத்தில் அசையாமல் நில் என்றால் எங்கள் காலுக்கு அது பழக்கமில்லை. இதை அண்ணாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அற்றோணியை எழுதி அனுப்பினேன்.

கல் போட்டதும் ஒரு சனிக்கிழமை. இங்கே நாங்கள் பின்னேரம் மேசைக்கு வரும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும். அண்ணா வாட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பியிருந்தார். நான் திறக்கவில்லை. குனூத்துக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. தன் இரும்பு வீரனை என்னிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். கதையில் ஒரு கிராமம் எரிந்தது. மலைப்பாதை வாசலை ஒருவன் மறித்து நின்றால்தான் சனம் தப்பலாம். சுல்வை என்னைப் பார்த்தார். "நான் நிற்கிறேன்" என்றேன். ஏழு முறை கட்டை உருண்டது. ஏழு முறையும் அந்தப் பொம்மையை ஒரு கட்டம்கூட நான் நகர்த்தவில்லை. கடைசிப் பிள்ளையும் பாதையைக் கடந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். சுல்வைக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். படியிறங்கும்போதுதான் என்மேலேயே அருவருப்பு வந்தது. பொம்மைக்கு வந்த துணிவு எனக்கு வரவில்லையே.

வெளியே மழைக்கு ஒதுங்கி நின்று போனைத் திறந்தேன். முதலில் அண்ணாவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"முடிஞ்சுது தம்பி. என்ர மூலை சரி. உன்ர மூலையில ஆர் நிக்கிறதெண்டு பக்கத்துக் காணிக்காரர் கேட்டார். நான்தான் நிப்பன், பொறுங்கோ எண்டு சொல்லிப்போட்டு ஓடினனான். இந்த முழங்காலோட ஓடினனான். நான் போய்ச் சேரமுதல் கல்லை இறக்கிட்டாங்கள். எங்கட பக்கம் ஒரு பத்தடி உள்ளுக்க."

இருமிவிட்டுத் தொடர்ந்தார்.

"என்னைப்பற்றி உனக்குத் தெரியும்தானே. எனக்கு ஓடிப் பழக்கமில்லை."

அடுத்தது படம். புதுக் கல், அதைப் பிடித்துக்கொண்டு அண்ணா, வேர்வையில் நனைந்த வெள்ளைச் சேட்டு. ஒரு காலில் செருப்பு இல்லை. பழைய எல்லையோரம் ஓடும்போது கழன்றது கல்லுக்கு அந்தப் பக்கம் புல்லுக்குள் கிடக்கிறது. அன்று காலைவரை அது என்னுடைய நிலம். இனி அந்தச் செருப்பை எடுக்க அண்ணா பக்கத்துக் காணிக்காரரிடம் கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.