வெள்ளிச் செம்பில் கலந்தது

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் மனைவி, ரங்கூனிலிருந்து வந்திருந்த என் தம்பி, உள்ளறையில் என் மகள், அவளைப் பெண் கேட்டு மானகிரியிலிருந்து வந்த பெரியவர், அவருடைய மகன்.

பெரியவர் பழனிக்குக் காவடி நேர்ந்து மாலை போட்டிருந்தார். அவருக்கு நன்னாரிச் சர்பத். மகன் என் தம்பியோடு ரங்கூனில் வேலை பார்த்தவன். தகப்பனுக்குத் தெரியாமல் கொஞ்சம் பிராந்தி கேட்டிருந்தான். நான் வேண்டாமென்றேன். தம்பி கேட்கவில்லை.

நன்னாரிப் பாகை ஒற்றைக் கம்பிப் பதத்தில் நானே காய்ச்சினேன். பதம் தப்புமோ என்று பத்துத் தடவை விரலில் தொட்டுப் பார்த்து விரலும் வெந்தது. தண்ணீரும் எலுமிச்சம் சாறும் ஏலப்பொடியும் சேர்த்துப் பாதியைப் பித்தளைச் செம்பில் ஊற்றினேன். மீதியில் தம்பி பிராந்தி விட்டு, மூடி இறுக்கமாக இருக்கிறதென்று வெள்ளிச் செம்பில் ஊற்றிக் குலுக்கினான். சோடா கடைசியில்தான், முன்னால் விட்டால் மூடி பறக்கும் என்றான். கிணற்றில் இறக்கியிருந்த சோடா புட்டிகளை எடுக்க இருவரும் கொல்லைக்குப் போனோம். எதில் எது என்று மனைவியிடம் சொல்லவில்லை. பிராந்தி என்றால் அழுவாள் என்று பயம்.

சம்பந்தியாகப் போகிறவருக்கு மரியாதை வெள்ளியில்தானே என்று அவள் அந்தச் செம்பைக் கொடுத்துவிட்டாள். பங்குனி வெயிலில் நடந்து வந்தவர் அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டார். உதடு படாமல் குடிப்பவருக்கு வாடை எங்கே தெரியும்? தொண்டை எரிந்த பிறகுதான் தெரிந்தது.

"மாலை போட்டவன் வாயிலயா சாராயத்த ஊத்துறீக?"

புட்டிகளோடு நுழைந்த என் நெற்றியில் செம்பு இறங்கியது. கண்ணெல்லாம் ரத்தம். மகன் குறுக்கே வந்தான்.

"அய்யா, அவுகள விடுங்க. அது எனக்குக் கலந்தது."

அடுத்த அடி அவன் வாயில். பல் இரண்டு தெறித்தது. விழுந்தவனை விலாவில் மிதித்தார். தம்பி சோடா புட்டியை வீசினான்; தூணில் வெடித்துச் சிதறியது. அடுத்தது பெரியவர் தோளில். கண்ணாடி மேல் மனைவி வெறுங்காலோடு ஓடி வந்தாள். மூன்றாவதைத் தம்பி ஓங்கியபோது உள்ளேயிருந்து வந்த மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எறிஞ்சீகன்னா இனி எனக்கு யாரு வருவாக, சித்தப்பா?"

பெரியவரின் காலும் அப்போதுதான் நின்றது.

மறுநாள் ஆள் விட்டார். விரதம் கெட்டதற்குப் பழனியில் அபிஷேகம், அன்னதானம் செய்ய ஐம்பத்தோரு ரூபாய் நான் கட்ட வேண்டும். கட்டினால் பெண்ணை எடுப்பார்கள். நாலாம் வகுப்போடு நின்று காட்டு வேலைக்குப் போன எனக்கு அது மலை. முப்பத்துநாலு கொடுத்தேன், மீதிக்குத் தவணை கேட்டேன். கல்யாணம் நடந்தது. மகள் பிள்ளைகளோடு வரும்போதெல்லாம், ஏதும் கேட்டனுப்பினார்களோ என்று முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். பாக்கி பதினேழு ரூபாய்.